லோட்சென்டாலின் நான்கு பருவங்கள்

ஆல்ப்ஸ் மலையூர் ஒன்றைக் கோடையில் மட்டும் கண்டு திரும்புவோர் அதன் கால்பகுதியையே கண்டவராவர். பசும்புல்லும் பசுக்களின் மணியோசையும் வண்ணப் படங்களுக்குப் போதுமானவை. அவ்வூர் மக்கள் எதற்கு அஞ்சினர், எதை நம்பினர், எவ்வாறு பகிர்ந்துண்டனர் என்பதை அறிய ஓராண்டு முழுவதும் வேண்டும். சுவிட்சர்லாந்தின் தெற்கே, வாலே மாநிலத்திலுள்ள லோட்சென்டால் பள்ளத்தாக்கிற்கு வாசக அன்பர்களை அழைத்துச் செல்கிறோம்.

லோன்சா ஆற்றை ஒட்டி ஃபெர்டன், கிப்பல், வீலர், பிளாட்டன் என நான்கு ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. 3,934 மீட்டர் உயர்ந்த பீட்ச்ஹார்ன் சிகரம் அவற்றிற்குக் காவல் போல் நிற்கிறது. மக்கள் பேசுவது ஜெர்மன் மொழியின் வட்டார வழக்கு. அவர்தம் சமயம் தொன்றுதொட்டுக் கத்தோலிக்கம். 1913-ஆம் ஆண்டில் லோட்ச்பெர்க் இரயில் சுரங்கம் திறக்கப்படும் வரை வெளியுலகத் தொடர்பு அரிதாகவே இருந்தது. பழைய வழக்கங்கள் இங்கே நிலைத்து நின்றமைக்கு இதுவும் ஒரு காரணம். லார்ச் மரத்தாலான வீடுகள் வெயில் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கின்றன. தானியக் களஞ்சியங்களைக் கால்கள்மேல் நிறுத்தி, காலுக்கும் களஞ்சியத்திற்கும் இடையே வட்டமான தட்டைக்கல் ஒன்றை வைத்துள்ளனர். எலி அதைத் தாண்டி ஏற முடியாது! படிப்பறிவு மிகுந்த பொறியாளர் எவரும் சொல்லிக் கொடுத்ததன்று இது.

குளிர்காலம் அழகானது; கொடியதும் கூட. 1908 பிப்ரவரியில், பள்ளத்தாக்கின் வாயிலான கோப்பென்ஸ்டைனில் பனிச்சரிவு விழுந்து பன்னிருவர் மாண்டனர். அதே பிப்ரவரியில்தான் இங்கே வேடிக்கையும் தொடங்குகிறது. ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள் முடிந்ததும், தவக்காலம் பிறக்கும் வரை, ‘செக்கெத்தா’ என்னும் உருவங்கள் தெருவில் இறங்குகின்றன. கோரமான மரமுகமூடி, ஆட்டுத்தோல், இடுப்பில் மாட்டுமணி. எதிர்ப்படுவோர் முகத்தில் பனியைத் தேய்த்துவிடுவதும் உண்டு. முற்காலத்தில் மணமாகாத இளைஞர்க்கே இவ்வேடம் உரியது. திருநீற்றுப் புதனன்று முகமூடிகள் சுவருக்குத் திரும்பிவிடுகின்றன.

இளவேனிலில் ஃபெர்டனுக்குச் செல்ல வேண்டும். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், திங்களன்று, அங்கே பாலாடைக்கட்டியும் ரொட்டியும் திராட்சை இரசமும் வழங்கப்படுகின்றன. பாலாடைக்கட்டிக்கான பால் முந்திய கோடையில், மலைமேய்ச்சல் நிலங்களில், குறித்த நாட்களில் இதற்கெனவே கறந்து ஒதுக்கப்பட்டது. ஏழைகளுக்காக முன்னோர் செய்த நேர்ச்சை என்பது வழிவழிச் செய்தி. கோடையில் கறந்த பால் குளிர்காலம் முழுவதும் காத்திருந்து பிறர் வயிற்றுக்குப் போகிறது! நம் திருவிழா அசனங்களை இது நினைவூட்டவில்லையா?

கோடையின் தொடக்கத்தில் நற்கருணைப் பெருவிழா வருகிறது. கதிர்ப்பாத்திரம் ஏந்திய குருவுடன், பழங்காலப் படைவீரர் சீருடையணிந்த ஊர் ஆடவர் அணிவகுத்து நடப்பர். ‘ஆண்டவரின் வீரர்’ என்பது அவர்களுக்குப் பெயர். வறுமையின் காரணமாக அயல்நாட்டு மன்னர்களின் படைகளில் கூலிக்குப் பணியாற்றித் திரும்பிய முன்னோரின் உடை அது. அரசர்க்காக அணிந்த உடையை ஆண்டவர்க்காக அணிந்துகொண்டனர்.

பின்னர் மாடுகள் மேலே ஏறும். உலர்புல் சேர்க்கும் வேலை கீழே நடக்கும். இலையுதிர் காலத்தில் மந்தை இறங்கும். லார்ச் மரங்கள் பொன்னிறமாகும். அந்நாட்களின் அமைதியைச் சொல்லால் காட்டுதல் எளிதன்று.

இனி நான்காம் ஊராகிய பிளாட்டனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1,540 மீட்டர் உயரத்தில் இருந்த அழகிய ஊர். 2025 மே மாதத்தில், அதற்கு மேலிருந்த சிகரத்தின் பாறைகள் உடைந்து பிர்ச் பனியாற்றின்மேல் குவியலாயின. மலையைக் கண்காணித்து வந்த வல்லுநர் எச்சரித்தனர். மே 19 அன்று ஏறத்தாழ 300 பேரும் வெளியேற்றப்பட்டனர். மாடுகளும் ஆடுகளும் உடன் சென்றன. காலில் காயமுற்ற பசு ஒன்று ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லப்பட்டது. மே 28 பிற்பகலில் பனியாறு பாறைகளுடன் சரிந்தது. ஊரின் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்குள் போயிற்று. கோவிலும் போயிற்று. சேறும் கல்லும் லோன்சாவை மறித்தன. தேங்கிய நீர், தப்பிய வீடுகள் பலவற்றை மூழ்கடித்தது. வெளியேற்றப்பட்ட பகுதிக்கு அப்பால் இருந்த முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

மலைக்குள் உறைந்திருந்த பனி வெப்பமிகுதியால் தளர்ந்து வருவதையும் இதற்குரிய காரணங்களுள் ஒன்றாக அறிஞர் கருதுகின்றனர். அந்த ஒன்பது நாட்களை எண்ணிப் பாருங்கள். வானம் தெளிவாக, வீடு நிற்கையிலேயே, சாவியைப் பூட்டிவிட்டுப் போகச் சொன்னால் நம்முள் எத்தனை பேர் போவோம்? அம்மக்கள் போனார்கள். ஆதலின் பிழைத்தார்கள்.

இத்தகைய இடத்தில் மீண்டும் குடியேறுவானேன் என்று நகரங்களில் இருப்போர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே, செலவும் பெரிது. ஆயினும் 1900-ஆம் ஆண்டில் தீக்கிரையான வீலர் ஊர் மீண்டும் எழுந்து இன்று பக்கத்திலேயே நிற்கிறது. தப்பிய சிற்றூர்களுடன் சேர்த்துப் புதிய பிளாட்டனை எழுப்ப ஊராட்சி திட்டமிட்டுள்ளது. அதற்குமுன் ஆற்றுக்கு நிலையான வழி அமைக்க வேண்டும். சரிவின்மேல் தப்பி நிற்கும் வைசென்ரீட் வீடுகளிலிருந்து நோக்கினால், கீழே சாம்பல்நிற மேடும் அதனூடே வழி தேடி ஓடும் லோன்சாவும் தெரிகின்றன.