சம்பளத் துண்டில் ஒரு நேர்கோடு

பலாங்கொடைத் தோட்டப் பாடசாலையில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேருக்கு,

ஊரறியப் பேர் சொல்வது உங்களுக்குப் பிடிக்காது. அதனால் பேரை விட்டுவிட்டு நன்றியை மட்டும் ஊரறியச் சொல்கிறேன்.

கணிதம் என்றால் சாதாரண தரத்தில் ஆளை விழுத்துகிற பாடம் என்றுதான் எங்கள் லயத்தில் பேச்சு. நேர்கோட்டின் சமன்பாடு வந்ததும் பயம் இரட்டிப்பானது. கோடு ஒன்று, அதற்கு ஏன் இத்தனை சமன்பாடு என்று பின் வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். நீங்கள் பலகையைத் துடைத்துவிட்டு, கிடை அச்சில் பறித்த தேயிலைக் கொழுந்துக் கிலோ, நிலைக்குத்து அச்சில் சம்பளம் என்று எழுதினீர்கள். கிலோவுக்கு 'கி', சம்பளத்துக்கு 'ச'. பிறகு ஒரே கேள்வி: "கையில் என்ன இருக்கு?"

அன்றைய காசு பழசாகிவிட்டது. 2024ஆம் ஆண்டுக் காசில் சொல்கிறேன். அந்த ஆண்டு செப்டம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1350 ரூபா, மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்று முடிவானது. நாட்சம்பளத்துக்கு எடுக்க வேண்டிய கிலோவான நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 கிலோ என்று வைப்போம். கையில் இருப்பது ஒரு புள்ளியும் படித்திறனும். அப்படியே எழுதினால்:

ச − 1350 = 50(கி − 18)

பெருக்கிச் சுருக்கினால்:

ச = 50கி + 450

கோடு அதேதான். முதலாவதில் ஒப்பந்தமே தெரிகிறது. நோர்மும் நாட்சம்பளமும் கண்முன் நிற்கின்றன. இரண்டாவது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நின்று மனக்கணக்குப் போட உதவும். 26 கிலோ என்றால் 1300, அதோடு 450, ஆக 1750.

"அப்போ ஒரு கிலோவும் எடுக்காதவருக்கு 450 ரூபாவா சேர்?" என்று கேட்டோம். வெட்டுத்துண்டு அப்படித்தானே சொல்கிறது! நீங்கள் சிரித்துக்கொண்டே 18க்கு இடப்பக்கமாகக் கோட்டை அழித்தீர்கள். நோர்முக்குக் கீழே வேறு சட்டம், அங்கே அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடுகிற தோட்டங்களும் உண்டு, இந்தச் சமன்பாட்டுக்கு அங்கே வேலையில்லை என்றீர்கள். சமன்பாடு எதுவரை செல்லும் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று அன்று படித்தேன்.

அடுத்து நோர்மையே கோடாகப் போடச் சொன்னீர்கள். 18இல் நிலைக்குத்தாக ஒரு கோடு. படித்திறன் காணப் போனால் பூச்சியத்தால் வகுக்க வேண்டி வந்தது. படித்திறனும் வெட்டுத்துண்டும் கேட்கிற வடிவம் அங்கே கைவிட்டுவிட்டது. எல்லா உறுப்பையும் ஒரு பக்கம் கொண்டுவந்து பூச்சியத்துக்குச் சமன்படுத்தும் பொது வடிவமோ இரண்டு கோட்டுக்கும் இடம் கொடுத்தது: 50கி − ச + 450 = 0, கி − 18 = 0. எங்கள் பக்கத்து மலையில் எந்தப் பாதையும் அவ்வளவு செங்குத்தில்லை என்று நீங்கள் சொன்னதும் வகுப்பே சிரித்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசையும் விடவில்லை. நாட்சம்பளம் இல்லை, எடுத்த கிலோவுக்குத்தான் காசு. ஆகவே அந்தக் கோடு உற்பத்திப் புள்ளியினூடாகப் போகும்.

இப்போது டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். அந்தச் சம்பளம் இருந்த காலத்தில் ஒருநாள் சித்தி இரண்டு சம்பளத் துண்டோடு வந்தார். "கூடின கிலோவுக்கு என்ன விலை போட்டிருக்காங்கன்னு தெரியல மகன்." இரண்டு மாதமும் 22 பேர், அதாவது 22 நாள் வேலை. மேலதிகக் கிலோ ஒன்றில் 88, மற்றதில் 120. கழிவுக்கு முந்திய தொகை 34,100, 35,700. இரண்டு புள்ளி கையில் இருந்தால் படித்திறனை யாரிடமும் கேட்க வேண்டியதில்லையே. 1600ஐ 32ஆல் வகுத்தேன்: 50. சித்தி துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அப்ப சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார். சரி என்று தெரிந்துகொள்வதும் அவருடைய உரிமைதானே சேர்?

தோட்டப் பள்ளிகளில் தமிழில் கணிதம் படிப்பிக்க ஆள் போதாது என்ற குறை இன்னும் தீரவில்லை. மாற்றம் வாங்கிக்கொண்டு போவதற்கு எத்தனையோ காரணம் இருந்தும் நீங்கள் எங்களோடு இருந்தீர்கள். சூத்திரத்தைப் பாடமாக்க வைத்திருந்தாலும் நாங்கள் சோதனையில் தேறியிருப்போம். சித்தியின் துண்டை என்னால் வாசித்திருக்க முடியாது. அதற்காகவே இந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்
பலாங்கொடை