மில்லிநொடிப் பங்கீடு

மும்பை தாராவியின் 90 அடி ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் நுழைந்தால் நாலைந்து வீடு தாண்டுவதற்குள் சிக்னல் இறங்கிவிடும். தலைக்கு மேலே தகரம், இருபுறமும் இரும்பு ஏணி சாய்த்த மாடி வீடுகள், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய அகலம். 2020 ஊரடங்கில் பள்ளிப் பாடம் கைபேசிக்கு வந்தபோது, ஏணியின் மேல்படிதான் பல பிள்ளைகளுக்கு வகுப்பறை. “கீழ டவர் கிடைக்கலம்மா” என்று சொல்லிவிட்டு ஏறிப் போவார்கள். செம்பூரில் என் வீட்டு ஜன்னலோரம் அதே சிம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. இந்த வேறுபாடுதான் அலைவரிசைப் பங்கீட்டைப் பற்றி என்னைப் படிக்க வைத்தது.

4ஜி கைபேசி நிலையம் ஒன்றிடம் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால், அதில் 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள 100 துண்டுகள் அமைகின்றன. எந்தத் துண்டு யாருக்கு என்பதை நிலையத்தின் மென்பொருள் ஒவ்வொரு மில்லிநொடியும் புதிதாக முடிவு செய்கிறது. தமக்கு அலை எவ்வளவு தெளிவாக வருகிறது என்று கைபேசிகளும் இடைவிடாமல் அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். அலை தெளிவாக வரும் கைபேசி வாயகன்ற குடம் போல, சீக்கிரம் நிரம்பும். குறுகிய வாய்க் குடத்துக்கு நேரம் பிடிக்கும். அகன்ற குடங்களையே முன்னால் விட்டால் மொத்தத்தில் அதிகத் தண்ணீர் பிடிக்கலாம், ஆனால் சிலர் வெறும் குடத்தோடு வீடு திரும்புவார்கள். எல்லாருக்கும் சம அளவு என்றால் குறுகிய குடங்களே நேரத்தை விழுங்கிவிடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைப் பொறியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு இந்தக் கணத்தில் கிடைக்கக்கூடிய வேகத்தை, இதுவரை கிடைத்த சராசரி வேகத்தால் வகுப்பது. யாருக்கு விடை பெரிதோ, அடுத்த துண்டு அவருக்கு. குறைவாகப் பெற்றவரின் எண் தானே ஏறிவிடும். ஒரு சமன்பாட்டுக்குள் இத்தனை நியாயத்தை அடக்கியவர்கள் மீது எனக்கு மதிப்பு உண்டு.

ஆனால் அந்த நியாயம் ஒரு நிலையத்தின் எல்லையோடு முடிகிறது. அதன் கீழ் இருநூறு பேர் வந்தாலும் இரண்டாயிரம் பேர் வந்தாலும் துண்டுகள் 100தான். கூட்டம் மிகுந்த இடத்தில் பரப்பைச் சிறிய வட்டங்களாக்கி, அதே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யோசனை இது. அதற்கு ஆன்டெனா நிற்க இடம் வேண்டும். தகரக் கூரை அதைத் தாங்காது. தெருவிளக்குக் கம்பங்களில் சிறு நிலையங்களைப் பொருத்தலாம் என்று 2022-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தது. தாராவிக்கு ஏற்ற வழி அதுதான் என்று நினைக்கிறேன்.

வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2012-இல் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்தபோது, அந்தச் சொத்தை நிறுவனங்களுக்குக் கொடுக்கும் முறை நேர்மையாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. கோடிகளில் நடக்கும் பங்கீட்டுக்கு நீதிமன்றம் இருக்கிறது, மில்லிநொடியில் நடப்பதற்குச் சமன்பாடு இருக்கிறது. நிலையத்தை எந்தத் தெருவில் வைப்பது என்ற பங்கீடு மட்டும் பெரிதும் வணிகக் கணக்குக்கே விடப்பட்டிருக்கிறது. அலைவரிசை ஏலத்தில் தொகை கேட்கும் அரசு, ஒரு நிலையத்தை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்றும் வட்டாரவாரியாகக் கேட்க வேண்டும். பதிலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும்.