விரைந்து காத்தல்

மணிமங்கலம் ஒரு பழம்பதி. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன், சளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை வென்ற களங்களுள் அஃது ஒன்று. இன்று அதனை அடுத்த திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் தொழிற்சாலைகள் மல்கியுள்ளன. மக்கள் இரவும் பகலும் முறை வைத்து உழைக்கின்றனர். மாரடைப்போ இடமும் பொழுதும் பார்த்து வருவதன்று. நெஞ்சு வலியை வாயுப் பிடிப்பென்று கருதிச் சோடா பருகிப் பொழுது போக்குவோர் பலர்.

இதயம் உடல் முழுமைக்கும் குருதியை அனுப்புகின்றது. தனக்கு வேண்டும் குருதியையோ தன்மேற் படர்ந்த சிறு நாளங்களின் வாயிலாகப் பெறுகின்றது. அவற்றுள் ஒன்று உறைந்த குருதியால் அடைபடின், அதனை நம்பிய தசை சிறிது சிறிதாக மடிகின்றது. அடைப்பை மருந்தாற் கரைத்தலும், நுண்குழாய் செலுத்தித் திறத்தலும் அதற்குரிய மருத்துவமாம்.

ஆயின், மருத்துவம் தொடங்கியதும் இடர் தீர்ந்தது என்று எண்ணுதல் கூடாது. அடைப்பைக் கரைக்கும் மருந்து வேறிடத்திற் குருதிக் கசிவை உண்டாக்கலாம். ஆதலின், அண்மையில் அறுவை மருத்துவம் நிகழ்ந்ததா, முன்பு மூளையிற் குருதி கசிந்ததா என்று வினவிய பின்னரே மருத்துவர் அதனைச் செலுத்துவர். நாடி தளரலாம், குருதி அழுத்தம் தாழலாம். இவற்றினும் கொடியது, இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்காது வெறுமனே நடுங்குதல். அடைப்பு நீங்கிக் குருதி மீண்டும் பாயும் வேளையிலும் இது தோன்றுவதுண்டு. மின்னதிர்ச்சி ஒன்றே அந்நடுக்கத்தை அடக்க வல்லது.

மார்பைத் திறவாமலே அவ்வதிர்ச்சியை அளிக்கலாம் என்பதை 1956-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் பால் சோல் காட்டினார். மருத்துவமனையை அடையுமுன்பே பலர் இறத்தலைக் கண்ட பிராங்க் பான்றிட்ஜ் என்பார், 1966-ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் அக்கருவியை ஊர்தியில் ஏற்றி நோயாளியிருக்கும் இடத்திற்கே அனுப்பினார். தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-ஆம் ஆண்டில் வந்தது. 2023-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தால், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் முதலுதவியாக 14 மாத்திரைகள் அளிக்கப்பெறுகின்றன.

ஊர்தி வருமளவும் அருகிருப்போர் வாளா இருத்தல் தகாது. வலியுற்றவரை நடக்கவிடாது அமர்த்தி, 108-ஐ அழைத்தல் வேண்டும். அவர் உணர்விழந்து, மூச்சும் இயல்பாக இல்லையாயின், அவரைக் கிடத்தி, நடுமார்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 செண்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்தி வரவேண்டும். அவ்வழுத்தம் மூளைக்குக் குருதியைச் செலுத்தி, மின்னதிர்ச்சிக் கருவி வருமளவும் உயிரைத் தாங்கும். மருத்துவர் இடர்களை வெல்லுதற்கு, நோயாளி உயிரோடு அவர் கையை அடைதல் வேண்டுமன்றோ? அப்பொறுப்புப் பக்கத்தில் நிற்பவரைச் சார்ந்தது. அவர் மாணவராயினும் ஆகுக, தொழிலாளராயினும் ஆகுக, அவ்வேளையில் அவரே முதல் மருத்துவர்.