மொழிபெயர்ப்பாளர் இல்லாத விரிவுரை

ஏர்ன்ஸ்ட் ஹிர்ஷ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது குசினியில்தான். என்னோடு கோப்பை கழுவுகிற துருக்கிக்காரன் அங்காராவில் சட்டம் படித்தவன். நான் யாழ்ப்பாணத்தில் வர்த்தகப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்தவன் என்று அறிந்ததும், "எங்கள் வர்த்தகச் சட்டத்தை எழுதினவரும் அகதிதான்" என்றான்.

ஹிர்ஷ் 1902இல் பிறந்த ஜேர்மன் யூதர். நாங்கள் கோப்பை கழுவும் இதே பிராங்க்பேர்ட்டில் நீதிபதியாக இருந்தவர். பல்கலைக்கழகத்தில் வர்த்தகச் சட்டமும் கற்பித்தவர். 1933இல் நாஜிகள் வேலையைப் பறித்தார்கள். அதே வருடம் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதிதாகத் திறந்த அத்தாத்துர்க்கின் அரசு, இப்படித் துரத்தப்பட்டவர்களை அழைத்துப் பேராசிரியர்களாக்கியது. (எங்களை யாரும் அழைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை: மூன்று வருடத்துக்குள் துருக்கி மொழி படிக்கவேண்டும். பலர் கடைசிவரை மொழிபெயர்ப்பாளரை நம்பியே விரிவுரை செய்தார்கள். ஹிர்ஷ் படித்தார். 1928இல்தான் எழுத்தையே மாற்றியிருந்த மொழி அது. அரபு, பாரசீகச் சொற்களைக் களையும் வேலை வேறு நடந்துகொண்டிருந்தது. சட்டச் சொற்களே நிலையில்லாத அந்த மொழியில் அவர் விரிவுரை செய்தார், பாடநூல் எழுதினார்.

1941இல் ஜேர்மனி, வெளிநாட்டில் வாழ்ந்த யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1943இல் ஹிர்ஷ் துருக்கிப் பிரஜையானார். அங்காராவுக்கு மாறினார். 1926ஆம் ஆண்டு வர்த்தகச் சட்டம் பல நாட்டுச் சட்டங்களிலிருந்து வெட்டி ஒட்டியது. அதற்குப் பதிலான புதிய சட்டத்தின் வரைவில் முதன்மையான கை அவருடையது. அது நிறைவேறிய 1956இல் அவர் பெர்லினுக்குத் திரும்பிவிட்டிருந்தார். 2012 வரை துருக்கியின் கம்பனிகள் அந்தச் சட்டத்தின் கீழ்தான் இயங்கின. அவர் வரைந்த 1951ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், திருத்தங்களோடு, இன்றும் இருக்கிறது.

எனக்கு இதில் பிடிபட்டது அந்த மொழிபெயர்ப்பாளர் சங்கதி. என் அகதி விசாரணையில் மச்சானைப் பிடித்துக்கொண்டு போனதைச் சொன்னேன். கோவையில் 'நண்பன்' என்று இருக்கிறது. நண்பனுக்காக நாட்டைவிட்டு ஓடுவானா என்று நிராகரிப்புக் கடிதம் கேட்கிறது. ஜேர்மன் கொஞ்சம் விளங்கத் தொடங்கிய பிறகே அதைக் கண்டேன்.

கடிதத்தைத் துருக்கிக்காரனிடம் கொடுத்திருக்கிறேன். இரவு வேலை முடிந்ததும் அவன் சட்டப் பிரிவுகளை வாசிக்கிறான். நான் அவனுக்கு, மச்சான் என்றால் யார் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.