காரணம் மறைந்தும் வழக்கம் நிற்பதோ?

குருட்டு வழக்கம் என்பது கோயிலிலும் கலியாணப் பந்தலிலும் மட்டுமே குடியிருப்பது என்று நம்மவரிற் பலர் கருதுகின்றனர். கணிப்பொறி போன்ற விஞ்ஞானக் கருவியில் அதற்கு இடமேது என்பர். நாற்பதாண்டுக் காலம் அக்கருவிக்கு நிரல் எழுதிப் பிழைத்தவன் யான். அங்கும் அஃது உண்டு என்பதே என் அனுபவம்.

1928-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். கம்பெனியார் 80 நெடுவரிசை கொண்ட துளை அட்டையை வெளியிட்டனர். ஓர் அட்டையில் 80 எழுத்துக்களே அடங்கும். அட்டைகள் மறைந்தன, ஆயினும் 1978-இல் வந்த வி.டி. 100 என்னும் திரைக்கருவியும் வரிக்கு 80 எழுத்தையே வழக்கமாகக் கொண்டது. இன்றும் அவ்வெல்லைக்குள் தம் வரியை அடக்குவோர் பலர். அதன் பிறப்பை அறிந்தோர் சிலரே.

இவ்வழக்கம் தீங்கற்றது. மற்றொன்றோ பெருஞ்செலவு வைத்தது. அட்டையிலும் நினைவகத்திலும் இடம் அருமையாயிருந்த காலத்தில், 1965 என்பதை 65 என்று சுருக்கி எழுதினர். அன்று அது சிக்கனம், பழிக்கத்தக்கதன்று. இடம் மலிந்த பின்னும் அதனை விடாதிருந்ததே பிழை. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பதைக் கணிப்பொறி 1900 என்று கொண்டுவிடுமே என்றஞ்சி, உலகெங்கும் கோடிக்கணக்கான வரிகளைச் சோதித்துத் திருத்த நேர்ந்தது.

கோபால் மொழிக்கு வழிகோலிய கிரேஸ் ஹாப்பர் அம்மையார், முட்கள் இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றைத் தம் அறையில் மாட்டியிருந்தார். அதிலும் மணி சரியாகவே தெரியும். வழக்கம் வேறு, அவசியம் வேறு என்பதற்கு இதனினும் எளிய பாடம் வேண்டுமோ?

நிற்க. வழக்கத்தையெல்லாம் உடைத்தெறிக என்பது என் கட்சியன்று. ஓர் அலுவலகத்துச் சம்பள நிரல், அச்சிடும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு வெற்றிடம் விட்டு வந்தது. ஏனென்று அறிந்தாரில்லை, தொடவும் அஞ்சினர். ஆராய்ந்து பார்த்தேன். பழைய அச்சுப்பொறி முதலெழுத்தை அச்சிடாது. தாளை நகர்த்தும் கட்டளையாகவே அதனைக் கொள்ளும். வெற்றிடமெனில் அடுத்த வரி. 1 எனில் புதுப் பக்கம். அப்பொறியோ என்றோ கழிக்கப்பட்டுவிட்டது. ஆகவே வெற்றிடத்தை நீக்கினேன். அதே நிரலில் வீணெனத் தோன்றிய வேறொரு கணக்கு, மாத நடுவில் வேலையை விட்டவர்க்குக் கூலி குறையாமற் காப்பதாயிருந்தது. அதனை விட்டுவைத்து, காரணத்தையும் அருகிலே எழுதினேன்.

முன்னோர் செய்தனர் என்பது ஒரு செய்தி, காரணமன்று. ஏன் செய்தனர் என்று கேட்பது அவர்களை இகழ்வதுமன்று. அவர்தம் அறிவுக்கு மதிப்பளிப்பதேயாகும். இளைஞர்களே, விதியொன்று வகுப்பீராயின் அதன் காரணத்தையும் உடன் எழுதி வையுங்கள். அக்காரணம் ஒழியும் நாளில், பின்வருவோர் அவ்விதியையும் அச்சமின்றி ஒழிப்பர்.