ஏற்காடு போய் வந்தால் பாடமாகுமா?

சேலத்துப் பள்ளிகளில் கல்விச் சுற்றுலா என்றாலே சேலத்தை விட்டு ஓடுவது என்றாகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்பீக்கர் அலற ஒரு பேருந்து கிளம்பும். பெங்களூரிலோ கொச்சியிலோ ஒரு தண்ணீர்ப் பூங்கா, மதியம் பிரியாணி, நள்ளிரவில் வீடு. பிள்ளைகள் ஒரு நாள் ஆடிப்பாடிவிட்டு வருவதில் யாருக்கும் நட்டமில்லை. அதற்கு 'இன்பச் சுற்றுலா' என்றே பெயர் வைத்துப் பணம் வசூலிக்கலாம். 'கல்வி' என்ற சொல்லையும் சுற்றறிக்கையில் சேர்த்துக்கொள்வதுதான் உறுத்துகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப்போகும் இடம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், அங்கே அவர்களுடைய கைக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சேலம் நகரின் அஸ்தம்பட்டியை நடுவில் வைத்து வட்டம் போட்டால் இந்த இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

அஸ்தம்பட்டி வழியாகப் போகும் ஏற்காடு சாலையையே எடுத்துக்கொள்ளலாம். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6.5 டிகிரி குறையும் என்பது புவியியலில் மனப்பாடம் செய்யும் வரி. அப்படியானால் மேலே எட்டு டிகிரி குறைய வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்கு ஐந்தாறு தெர்மாமீட்டர் போதும். அடிவாரத்தில் ஒருமுறை, வழியில் வண்டியை ஓரங்கட்ட இடமுள்ள இரண்டு மூன்று இடங்களில் ஒருமுறை, மேலே ஏரிக்கரையில் ஒருமுறை என்று நிழலில் பிடித்து அளந்து எழுதச் சொல்ல வேண்டும். ஒருவன் கீழ்க்குமிழை விரலால் பிடித்துக்கொண்டு ஏற்காட்டில் 33 டிகிரி என்பான். இன்னொருத்தி வெயிலில் நீட்டுவாள். அவற்றைக் கழித்துப் பார்த்தாலும் எட்டு வராது. அடிவாரத்தில் அளந்தது காலை ஒன்பது மணிக்கு, மேலே அளந்தது பதினொன்றுக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் கீழே வெயில் ஏறியிருக்கும். அடிவாரத்தில் ஒரு குழுவை ஒரு ஆசிரியரோடு நிறுத்தி, அதே நேரத்தில் அளக்க வைத்தால்தான் ஒப்பிட முடியும் என்று பிள்ளைகளில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அன்றைய டீசல் செலவுக்குக் கணக்குத் தீர்ந்தது. அறிவியல் சோதனைக்கு ஒப்பீடு ஏன் வேண்டும் என்பதைக் கரும்பலகையில் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது. இதே சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஆண்டுதோறும் பள்ளிப் பேருந்துகள் ஏறி, படகு சவாரியை முடித்துக்கொண்டு இறங்குகின்றன.

மலை வேண்டாம் என்றால் சமவெளியிலும் இருக்கிறது. ரயில் சந்திப்புக்கே மேக்னசைட் என்று பெயர் வைத்த ஊர் இது. சாக் ஹில்ஸ் எனப்படும் குன்றுகளின் வெள்ளைக்கல்லான மேக்னசைட்டில் ஒரு துண்டும் சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு துண்டும் ஆய்வக மேசையில் வைத்து நீர்த்த அமிலம் விட்டால், சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும், மேக்னசைட் சூடு காட்டினால் ஒழிய அசையாது. இரண்டும் கார்பனேட்தானே, ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி அங்கே தானாக வரும். சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகள் இன்னொரு பள்ளிக்கூடம். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது முளைத்த தொழில். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு சங்கமும் வந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, வடிகட்டி, அந்தப் பாலைத் தொட்டியில் தெளிய விடுகிறார்கள். அடியில் படிவது மாவு. சல்லடையில் தங்கும் சக்கை திப்பி. அது மாட்டுத் தீவனமாகிறது. பிள்ளைகளின் கையில் ஓர் அயோடின் சொட்டுக்குப்பி இருந்தால் மாவிலும் திப்பியிலும் வெளியேறும் கழிவுநீரிலும் சொட்டிப் பார்க்கலாம். மூன்றும் கருநீலமாக மாறினால், எவ்வளவு மாவு வீணாகிறது, அந்தத் தண்ணீர் எந்த ஓடைக்குப் போகிறது என்று அவர்களே கேட்பார்கள். ஆலைக்காரருக்குப் பிடிக்காத கேள்விதான், கேட்கட்டும்.

இதற்கு வரும் மறுப்புகளில் கனமான ஒன்று வரலாற்றிலிருந்து வருகிறது. கைவேலை, தொழிற்கூடம் என்று யாராவது பேச்செடுத்தால் தமிழ்நாட்டில் காது விறைக்கும். அதற்கு நியாயம் உண்டு. 1953-ல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள்தான் பள்ளி; மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அந்தத் திட்டம் கடும் எதிர்ப்பில் ஆட்டம் கண்டது. 1954-ல் காமராஜர் ஆட்சி வந்ததும் கைவிடப்பட்டது. அந்த ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். அந்தத் திட்டத்தை எதிர்த்து முன்னால் நின்ற திராவிடர் கழகம் 1944-ல் பெயர் பூண்டதும் இதே சேலத்தில்தான். ஆகவே இந்த ஊரில் இந்தச் சந்தேகம் எழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் எதிர்க்கப்பட்டது கைவேலை அல்ல, கைவேலையைப் பிறப்போடு கட்டிப்போட்டது. கொலுசுப் பட்டறைக்காரர் மகளைக் கொலுசுப் பட்டறைக்கே அழைத்துப்போய் இதுதான் உன் தொழில் என்றால் அது குலக்கல்வி. அவளை மலையில் தெர்மாமீட்டரோடு நிறுத்தி, வசதியான ஃபேர்லேண்ட்ஸ் பகுதி வக்கீல் மகனைக் கொலுசு பற்றவைக்கும் தீயின் அருகே உட்கார வைத்து, அந்தப் புகையை நாள் முழுக்கச் சுவாசிப்பவருக்குக் கூலி எவ்வளவு என்று விசாரித்து எழுதச் சொன்னால் அது நேர் எதிரான காரியம். யார் வேலையை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்பதில் ஆசிரியர் விழிப்பாக இருந்தால் இந்த மறுப்புக்குப் பதில் கிடைத்துவிடும்.

பாதுகாப்பு இரண்டாவது மறுப்பு, அதையும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 2022 அக்டோபரில் எர்ணாகுளம் பக்கத்திலிருந்து ஊட்டிக்கு இரவில் கிளம்பிய பள்ளிச் சுற்றுலாப் பேருந்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்னால் மோதி, ஐந்து மாணவர்கள் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து பன்னிரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியைகளும் போனார்கள். முன்னது தூரமும் இரவும் சேர்ந்த ஆபத்து; பின்னது கேளிக்கையின் பெயரில் அளவுக்கு மீறி ஏற்றிய படகு. கண்ணங்குறிச்சி மூக்கனேரிக்கரையில் காலை ஏழு மணிக்குப் பறவைகளை எண்ணிவிட்டு பத்து மணிக்கு வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் இல்லை.

மூன்றாவது மறுப்பு பொதுத்தேர்வு. போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருக்கிறது. அது பெரும்பாலும் எப்படிப் போடப்படுகிறது என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரசும் இதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் என்ற அரசுப் பள்ளிச் செய்முறை அறிவியல் திட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். தேசியக் கல்விக் கொள்கை பேசும் புத்தகப் பை இல்லாத பத்து நாட்களும் அதே வகுப்புகளுக்குத்தான். ஒன்பதில் நுழைந்ததும் பிள்ளையின் கையிலிருந்து பொருள் பிடுங்கப்பட்டு வினாவங்கி தரப்படுகிறது, காரணகாரியம் கேட்கத் தெரியும் வயதில். ஆண்டுக்கு நான்கு அரை நாள் ஒதுக்கினால் எந்தப் போர்ஷனும் குலையாது. தண்ணீர்ப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் கொடுக்கிற பள்ளிக்கு இது தெரியாததல்ல.

ஆலைக்காரர்கள் எல்லோரும் கதவைத் திறந்துவிட மாட்டார்கள். தலைமையாசிரியர் இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். போகும் முன் ஒரு கேள்வித்தாள், வந்த பிறகு ஓர் அறிக்கை என்று ஆசிரியருக்கு வேலை கூடும். அந்த வேலைக்கு அவர்களைத் தள்ளுவது பெற்றோரின் கையில் இருக்கிறது. அடுத்த முறை சுற்றுலா ஒப்புதல் படிவம் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இது எந்தப் பாடத்துக்காக, என் பிள்ளை அங்கே எதை அளக்கப் போகிறாள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 'கல்வி' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.