களனி இளவரசியின் பூங்காவில்

கொழும்பு மாநகரிலே காசு கொடாமல் நிழலில் அமரக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் பழையதும் பெரியதும் விகாரமகாதேவி பூங்கா. வத்தளையில் வாழும் நாம் களனியாற்றுப் பாலத்தைக் கடந்து, புறக்கோட்டை நெரிசலில் பஸ் மாறி, நகர மண்டபத்தின் வெண்ணிறக் குவிமாடம் தெரிந்ததும் இறங்கிவிடலாம். சென்ற பாடசாலை விடுமுறையில் அன்னையாரையும் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் சென்றோம்.

பூங்காவின் சுற்றுப்புறத்துக்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர். ஒல்லாந்தர் இங்கே பயிரிட்ட கறுவா மறைந்து பல தலைமுறைகள் ஆயின. பெயர் மட்டும் செல்வர் மாளிகைகளுக்கு முகவரியாக நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இது விக்டோரியா பூங்கா. இரண்டாம் உலகப் போரின்போது பூஞ்செடிகள் நின்ற இடத்தில் படைவீரர் முகாமிட்டிருந்தனர். காலிமுகத் திடலில் இருந்த போர் நினைவுத் தூணும் அப்போதுதான் இங்கே பெயர்ந்து வந்தது. போருக்குப் பின் பூங்கா திருத்தப்பெற்று, 1951இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1958இல் இன்றைய பெயர் சூட்டப்பட்டது. அந்த ஆண்டை நம் பெரியவர்கள் வேறொரு காரணத்துக்காகவும் மறந்திலர்.

பெரிய மரமொன்றின் அடியிலே பாயை விரித்தோம். வரலாறு படிக்கும் மூத்த மகள் கேட்டாள்:

"அப்பா, எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின்ர தாய்தானே இவ? இவவின்ர பெயருள்ள இடத்திலே நாங்கள் ஏன் வந்து இருக்க வேணும்?"

சினந்து அடக்கத்தக்க கேள்வியன்று இது; சிரித்துத் தட்டிக்கழிக்கத் தக்கதுமன்று. மகாவமிசத்தைப் படியாமலே அதன் பெயரால் சண்டையிடுவோர் இரு பக்கத்திலும் உளர். எல்லாளன் 44 ஆண்டுகள் ஆண்டான் என்றும், நண்பர் பகைவர் என்று பாராமல் நீதி வழங்கினான் என்றும் எழுதியிருப்பது அந்த நூலேதான். வென்ற மன்னன் தோற்ற மன்னனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பி, வழிபாடு செய்யப் பணித்தான் என்பதும், பின்வந்த அரசரும் அவ்விடத்தை அணுகும்போது வாத்திய ஒலியை நிறுத்தினர் என்பதும் அதிலேயே உள்ளன. இதனை அவளுக்கு எடுத்துரைத்தோம். அவள் முழுவதும் சமாதானம் அடைந்ததாகத் தெரியவில்லை. அடைய வேண்டுமென்று நாமும் வற்புறுத்தவில்லை.

"அந்த இளவரசி எங்கள் ஊர்ப் பக்கத்தவள், தெரியுமா?" என்றோம். இளையவனும் அருகே வந்து அமர்ந்தான். வத்தளைக்குச் சற்று மேலே, அதே ஆற்றங்கரையில் உள்ள களனியில் அவள் தந்தை அரசாண்டான். குற்றமற்ற துறவி ஒருவரை அவன் கொதிக்கும் எண்ணெயில் இட்டுக் கொன்றான். கடல் பொங்கி நாட்டினுள் புகுந்தது. கடலைத் தணிப்பதற்காக, அரசன் மகள் என்று எழுதிய பொற்கலம் ஒன்றில் அவளை ஏற்றி அலைமேல் விட்டனர். கலம் தெற்கே உரோகணத்தில் கரை ஒதுங்கியது. அந்நாட்டு மன்னன் காவன்தீசன் அவளை மணந்தான்.

இதுவரை பேசாதிருந்த அன்னையார் வெற்றிலையை மடியில் வைத்தார்.

"தகப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளையையோ கடலில விட்டவை?" என்றார்.

1983 யூலைக் கலவரத்தின்பின், அகதிகளை ஏற்றிய கப்பலில், நடக்கப் பழகாத நம்மை இடுப்பிலே சுமந்து, கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குப் போனவர் அவர். மூன்று சேலைகளும் ஒரு பால்மாத் தகரமும் அவரிடம் இருந்தனவாம். வத்தளைக்கு அவர் மீண்டது பல ஆண்டுகளுக்குப் பின்பே. அந்தக் கப்பலைப் பற்றி அவர் பேசி நாம் கேட்டது மிகக் குறைவு. அன்று பேசினார். மேல்தட்டில் இரவு முழுவதும் விழித்திருந்ததையும், முன்பின் அறியாத பெண்ணொருத்தி தன் போர்வையில் பாதியைத் தந்ததையும் சொன்னார். மகள் பாட்டியின் கையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழ்ந்தது. பக்கத்துப் பாயில் இருந்த சிங்களக் குடும்பத்தின் சிறுவனும் எங்கள் இளையவனும், மொழி அறியாமலே ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். கச்சான் விற்பவர் வந்தார். நான்கு சுருள் வாங்கினோம்.

அன்னையார் கச்சானை உடைத்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை பிறகு களனிக்குத் திரும்பி வந்ததோ, அப்பம்மாவுக்கு வாசிச்சுச் சொல்லு" என்று பேத்தியிடம் கேட்டார்.